கூடுதல் தாள்

வாலிநோக்கம் உப்பளத்தில்
தண்ணீர் உப்பாவதற்கு நாங்கள் சொல்லும் சொல்
படிதல்.
காலையில் ஆடை கட்டும்.
உச்சி வெயிலில் ஆடை உடைந்து
அடியில் படியும்.
பள்ளிக்கூடத்தில் செய்வதற்கும் அதே சொல்தான் என்று
முப்பத்தாறு வயதில்தான் கவனித்தேன்.
அதுவரை
எனக்குப் படிந்ததெல்லாம் உப்பு.

லேபுக்கு ஆள் எடுக்கிறோம்,
பத்தாவது வேணும் என்றார் சூப்பர்வைசர் ஞானதுரை.
டிகிரி மீட்டரைக் குழாயில் மிதக்கவிட்டு
நோட்டில் எண் எழுதுகிற வேலை.
நாக்கு நுனியில் ஒரு சொட்டு வைத்து
இருபத்துநாலு என்பேன்.
மீட்டரும் இருபத்துநாலு என்னும்.
நாக்குக்கு மார்க் ஷீட் இல்லை.

சாயல்குடிப் பள்ளியில் மூன்றாவது பெஞ்சு.
முட்டி மேசையில் இடித்தது.
முன்வரிசைப் பையன் ஒருவன்
என்னைப் பேப்பர் கொடுக்க வந்த டீச்சர் என்று நினைத்து
எழுந்து நின்று, பிறகு உட்கார்ந்தான்.

அறிவியல் தாள்.
இருபத்தேழாவது கேள்வி:
தெவிட்டிய கரைசல் என்றால் என்ன?
படிகமாதலை விளக்குக.

சிரித்துவிட்டேன், சத்தமாக.

எழுதினேன்.
முதலில் சுண்ணாம்பு இறங்குவதை,
அப்புறம் ஜிப்சம் முள்முள்ளாய்க் காலில் குத்துவதை,
இருபத்தைந்தில் உப்பு பூப்பதை,
முப்பதைத் தாண்டவிட்டால்
கைப்பு சேர்ந்து பாத்தியே கெடுவதை,
கச்சான் அடித்தால் மணி சிறுக்கும்
காற்று விழுந்தால் பெருக்கும் என்பதை,
சித்திரையில் ஒரே ஒரு மழை
எல்லாவற்றையும் திரும்பக் கரைப்பதை,
அன்றைக்குக் கூலி கிடையாது என்பதையும்.
கூடுதல் தாள் கேட்டேன்.
இன்னொன்று கேட்டேன்.
நூல் கட்டிக்கொண்டிருக்கும்போது
மணி அடித்தது.

அந்தக் கேள்விக்கு மொத்தம் நாலு மார்க்.
நாலும் போட்டிருப்பார்கள்.
அறிவியலில் ஃபெயில்.

பம்பு ரூம் ரஹ்மத்நிஷா
அநியாயம் என்றாள்.
ஒனக்குத் தெரிஞ்சதுல பாதி
திருத்துன ஆளுக்குத் தெரியுமா?
தெரியாதுதான்.
இரண்டு நாள் நானும்
அநியாயம் அநியாயம் என்றே உப்பு வாரினேன்.
மூன்றாம் நாள்
பலகையை இழுத்துக்கொண்டு போகையில்
பாதி வரப்பில் கால் நின்றுவிட்டது.
தெரிந்ததை எழுத
நான் எதற்கு பஸ் ஏறி
சாயல்குடி போக வேண்டும்?

இப்போது பட்டாணி படிக்கிறேன்.

எங்கள் பக்கம் முளைப்பது உடையும் உமரியும்.
பட்டாணியை நான் பார்த்தது
மூக்கையா தள்ளுவண்டியில், வெந்து.
நெட்டைச் செடியையும் குட்டைச் செடியையும் சேர்த்தால்
பிறப்பதெல்லாம் நெட்டையாம்.
அந்த நெட்டைகளுக்குப் பிறப்பதில்
நாலில் ஒன்று குட்டையாம்.
ஒரு தலைமுறை முழுக்க
எங்கே போயிருந்தது அந்தக் குட்டை?

இதை நாக்கில் வைத்துச் சொல்ல முடியாது.
கால் வெடிப்புக்கும் தெரியாது.
உட்கார்ந்துதான் ஆக வேண்டும்.

சாப்பாட்டு நேரம். பம்பு ரூம் நிழல்.
பக்கம் பறக்கிறது என்று
செருப்பை வைக்க மனசு வராமல்
ஒரு உப்புக்கட்டியை வைத்தேன்.
கட்டி இருந்த இடத்தில் தாள் ஈரம் கோத்து
ஒடுங்கு பண்பு என்ற சொல்
ஊதிக் கிடக்கிறது.
ஒரே வரியை ஆறு தரம் வாசிக்கிறேன்.
ஆறாவது தரமும்
தண்ணீர் தண்ணீராகவே நிற்கிறது.
பாத்தியிடம் இருக்கிற பொறுமை
எனக்கு என்னிடம் இல்லை.
ஏழாவது தரம் தூங்கிவிட்டேன்.

நேற்று
கடைசிப் பாத்தி ஓரச் சேற்றில்
பலகைக் காம்பால் நாலு கட்டம் போட்டேன்.
நெட்டை. நெட்டை. நெட்டை.
நாலாவதில் காம்பை வைக்கும்போது
லாரி ஹாரன்.
நூற்றுப் பத்து மூட்டை ஏற்றிவிட்டுத் திரும்பினால்
கட்டங்களில் தண்ணீர் ஊறியிருந்தது,
மேலே மெல்லிசாக ஆடை.

அதைக் கலைக்கவில்லை.
பக்கத்தில் தள்ளி உட்கார்ந்து
இன்னொரு நாலு கட்டம் போட்டேன்.