நான்காம் விதி

நூற்றிருபது சொல்லுக்குள் எழுதச் சொல்லியிருந்தார்கள்.
கையேட்டில் அவ்வளவுதான் இடம்.
எதிரே ஓபேத் பெல்லி,
படகை விற்ற காசோலையை
இரண்டாய் மடித்து, பிறகு நீவி,
மேசைமேல் வைத்துவிட்டுக்
கையை மட்டும் எடுக்காமல் உட்கார்ந்திருக்கிறார்.

செயின்ட் ஜான்ஸில் அன்று மூடுபனி.
துறைமுகத்து ஊதல் நிமிடத்துக்கொருமுறை
இருக்கிறேன், இருக்கிறேன் என்றது.

பெயர்?
திர்ஸா மே பெல்லி.
பணி?
செவிலி. முப்பத்தெட்டு ஆண்டு. பெரும்பாலும் இரவு.
விருதுகள், சிறப்புத் தகுதிகள்?
அவர் சன்னலைப் பார்த்தார்.
படுக்கைச் சட்டியை வெந்நீரில் காட்டிச்
சூடாக்கித்தான் கொடுப்பாள், என்றார்.

'நோயாளர் நலனில் அக்கறை' என்று தட்டினேன்.
அழித்தேன்.
சட்டியையே எழுதினேன்.

ஒரு பனிப்புயலில் சாலை மூடிக்கொண்டு
மூன்று நாள் வார்டிலேயே கிடந்தாளாம்.
நான்காம் நாள் வந்தாள்,
ஒன்றும் பேசவில்லை,
அடுப்படியில் நின்றபடியே
ஒரு முழு ரொட்டியைத் தின்று முடித்தாள்,
பூட்ஸைக் கழற்றாமல்.
தரையெல்லாம் தண்ணீர். நான்தான் துடைத்தேன், என்றார்
ஏதோ தனக்கும் அதில் பங்கு உண்டு என்பதைப்போல.
உண்டுதானே.

பிறகு விதிகள்.
ஒன்று: செவிலியர் படிப்பில் இருக்க வேண்டும்.
இரண்டு: சாலை முடியும் இடத்துக்கு
அப்பாலுள்ள ஊரிலிருந்து வந்திருக்க வேண்டும்.
மூன்று: பணத் தேவை.
நான்கு, எல்லாப் படிவத்திலும் அச்சாகியே வருவது:
மிகச் சிறந்த மதிப்பெண்.

அதன்மேல் விரலை வைத்தார்.
வலை இழுத்துத் தடித்த விரல்,
வரி முழுதும் மறைந்துபோனது.

இதை எடுத்துவிடுங்கள்.

சட்டைப் பையிலிருந்து ஒரு தாள்.
தையல் எந்திரத்து இழுப்பறையில்
விரிப்புக்கடியில் இருந்ததாம்,
அவள் போன பிறகுதான் கண்ணில் பட்டதாம்.
மருந்தளவுக் கணக்கு. மார்ச், 1969.
நாற்பத்தொன்று. தேர்ச்சி இல்லை.

நாற்பத்தாறு வருடக் குடித்தனம்.
என்னிடம்கூடச் சொல்லவில்லை பாருங்கள்.
தலைவலி மாத்திரையைக்கூட
இரண்டுமுறை எண்ணித்தான் என் உள்ளங்கையில் போடுவாள்.
இரண்டே மாத்திரை.
அவள் சுபாவம் அப்படி என்றிருந்தேன்.

குழு மூன்றுமுறை கூடியது.
தோற்றவருக்கா பரிசு என்றார் ஒருவர்.
வேறொருவர் வழக்கறிஞரைக் கேட்கலாம் என்றார்.
கடைசியில் வழவழப்பாக ஒன்று வந்தது:
'கல்வியில் தடை நேர்ந்து, அதிலிருந்து மீண்டவர்க்கு முன்னுரிமை.'

தொலைபேசியில் படித்துக் காட்டினேன்.
நெடுநேரம் ஊதல் சத்தம் மட்டும்,
அவர் பக்கமும் என் பக்கமும்
சற்றே முன்பின்னாக.
மீண்டவர் என்பதை அடியுங்கள், என்றார்.
மறுதேர்வு செப்டம்பரில்தான்.
மார்ச் மாதத்தில் அவள் மீண்டிருக்கவில்லை.

அடித்தோம்.

முதல் வருடம் ஒருவரும் விண்ணப்பிக்கவில்லை.
தன் தோல்விக்குத் தானே முகவரி எழுதி
யார் தபாலில் போடுவார்கள்?
பணம் வங்கியில் கிடந்து
சிறு வட்டி ஈன்றது.
ஓபேத் அழைத்து விசாரிக்கவுமில்லை.

அடுத்த வருடம், கடைசி நாள், ஒரே உறை.
லாப்ரடோர் கரையிலிருந்து
கெசியா லயல்.
கட்டுரை கேட்ட இடத்தில் ஒற்றை வரி:
இணைப்பைப் பார்க்கவும்.
இணைப்பில் முப்பத்தெட்டு.
எத்தனைமுறை மடித்துப் பிரித்த தாளோ,
மடிப்புகள் துணிபோல் மெலிந்திருந்தன.

ஆயிரத்து நூற்றைம்பது டாலர்.
ஒரு பருவத்துப் புத்தகங்களும்
நல்ல பூட்ஸ் ஒரு சோடியும் வாங்கலாம்.
காசோலையை உறையிலிட்டு ஒட்டுமுன்
வெளியே எடுத்து
இரண்டுமுறை எண்ணினேன்.

இருந்தது ஒரே தாள்தான்.