மூக்குக்காரி

பர்மா சாலையில், டயர் கடைக்கு மேல்மாடி,
மாதத்தின் கடைசி வெள்ளி.
வரவுப் புத்தகத்தில் நான்
கதிரேசுவின் விருந்தாளி.
கதிரேசு நான்காம் மாதமே
ஜொகூருக்கு மாற்றலாகிப் போய்விட்டான்.
விருந்தாளி மட்டும் வந்துகொண்டிருக்கிறாள்.

பத்துப் பேர், ஒன்பது ஆண்கள்.
ஊய் பெங் ஹாக் புட்டியைத் திறப்பார்.
குர்தீப் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக அளப்பார்.
தேவசகாயம் முதலில் முகர்வார்.
அவர் சொன்ன பிறகுதான் மற்றவர்களுக்கு மணக்கும்.
"உலர்ந்த அத்தி" என்பார், எல்லாருக்கும் அத்தி.
"பழைய தோல் நாற்காலி" என்பார்,
பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்து
ஒன்பது தலைகள் ஆடும்.
எனக்கு ஊற்றும் அளவு
மற்றவர்களைவிட ஒரு நூல் குறைவு.
யாரும் வேண்டுமென்று செய்ததில்லை.

ஏழாம் மாதம் வந்தது
ஐலா தீவிலிருந்து ஒரு புட்டி.
சதுப்பு மண்ணை எரித்த புகையில்
வாற்கோதுமையை வாட்டுவார்களாம் அங்கே.
வெளியே மழை. கீழே யாரோ சக்கரம் கழற்றினார்கள்.
தேவசகாயம் முகர்ந்தார்.
மறுபடியும் முகர்ந்தார்.
கிளாஸை மேசையில் வைத்துவிட்டு
மூக்குக் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார்.

எவ்வளவு நேரம்தான் துடைப்பார் ஒரு மனிதர்.

நான் சொல்லிவிட்டேன்,
மலாயும் ஆங்கிலமும் கலந்து, கொஞ்சம் திக்கி:
சாயங்காலம் ஆறு மணி, கடைசி ஆள் போயாச்சு,
இரண்டாம் அறையின் தட்டு.
கிராம்பெண்ணெய், அயோடின், ஈரப் பஞ்சு,
கொதிநீரிலிருந்து எடுத்த இடுக்கி.
அப்புறம்,
பிடுங்கினது வலிக்கவே இல்லை என்று பொய் சொல்லும்
ஒரு பையனின் வாயிலிருந்து
லேசாக ஒரு இனிப்பு.

ஊய் தன் கிளாஸுக்குள் மூக்கை விட்டார்.
"ஐயோ" என்றார்,
பினாங்கில் எல்லா இனத்துக்கும் பொதுவான சொல்,
"என் பல் டாக்டர்!"
குர்தீப் தாடையைத் தடவிக்கொண்டார்.
யார் யாருக்கோ எப்போதோ வந்த பல்வலிகள்
மேசைக்கு வந்து சேர்ந்தன.
அன்றைக்குத்தான் கேட்டார்கள், நீ யார் என்று.
பட்டர்வொர்த்தில் பல் மருத்துவ உதவியாளர்,
பதினொரு வருடம்,
பெயர் புனிதமலர்.

அடுத்த மாதம் என் நாற்காலியில் ஒரு துண்டுத்தாள்,
என் பெயர், ஒரு எழுத்து கூடுதலாக.
திருத்தவில்லை. பர்ஸில் இருக்கிறது.
கிளாஸிலும் ஒரு நூல் கூடுதல்.
மூக்குக்காரி என்று கூப்பிட
குர்தீப் யாரிடமோ தமிழ் கற்றுக்கொண்டு வந்திருந்தார்.

அன்று படகுத்துறை வரை
தேவசகாயம் காரில் கொண்டுவந்து விட்டார்.
தமிழில் பேசினார், முதல் தடவையாக.
"ரெண்டு வருசமா எனக்கு எதுவும் மணக்கலம்மா.
அந்தக் காய்ச்சலோட போச்சு.
குழம்பு தீய்ஞ்சாலும் தெரியாது.
நிறத்தைப் பார்ப்பேன், லேபிளப் பார்ப்பேன்,
முன்னாடி குடிச்சத ஞாபகத்துல இருந்து எடுத்து விடுவேன்.
ஐலா புட்டி மட்டும்
நான் முன்னாடி குடிச்சதே இல்ல."
வைப்பர் இரண்டு முறை போய் வந்தது.
"அதான் மாட்டிக்கிட்டேன்" என்று சிரித்தார்.
கதவைத் திறந்து வைத்துக்கொண்டு
கடைசிப் படகின் சங்கு கேட்கும்வரை
நான் இறங்காமல் இருந்தேன்.

இப்போது அவர் என் பக்கத்து நாற்காலி.
சபைக்கு நான் சொல்வது வேறு:
தேன், ஓக் மரம், ஆரஞ்சுத் தோல்.
அது முடிந்ததும் கிளாஸை என் பக்கம் நகர்த்துவார்,
ஒரு விரலால், சத்தமில்லாமல்.
நான் முகர்ந்துவிட்டு அவர் பக்கம் சாய்வேன்.
"உங்க கார்தான்.
படகுத்துறையில நிறுத்தி ஜன்னல இறக்குனப்ப,
உப்பு, டீசல், நனைஞ்ச சீட்டு."

கண்ணை மூடிக்கொண்டு ஒரு வாய் குடித்தார்.
ரொம்ப நேரம் விழுங்கவில்லை.
பிறகு, "வருது" என்றார்.

நிஜமாகவா என்று நான் கேட்கவில்லை.
பல் பிடுங்கிய பையன்களிடமும்
நான் கேட்பதில்லை.