ஏழாம் இலக்கம்

ஆறு கேள்விக்கு மூச்சு விடாமல் எழுதியாயிற்று.
பெயர்: நாகமணி திரவியராசா.
கிராமம்: ஆயித்தியமலை.
இடது கால், முழங்காலுக்குக் கீழே.
ஏழாவதில் பேனை நின்றுவிட்டது.
ஊனம் ஏற்பட்ட காரணம்.

வவுணதீவுப் பிரதேச செயலகம், காலை பத்தரை.
மின்விசிறி என் கடதாசியைத்
தூக்கித் தூக்கிப் பார்க்கிறது.
பக்கத்து வாங்கில் இருந்தவர் எட்டிப் பார்த்து
‘ஷெல் எண்டு போடுங்க தம்பி’ என்றார்.
‘என்ட கை ஷெல்லுதான்.’
உள்ளே ஒன்றுமில்லாத சட்டைக் கை
காற்றுக்கு அசைந்தது.

இந்தப் பக்கத்தில் ஒரு கால் இல்லையென்றால்
யாரும் காரணம் கேட்பதில்லை.
பஸ்ஸில் எழும்பி இடம் தருவார்கள்.
வெளிநாட்டிலிருந்து வந்த பெடியன் ஒருவன்
என் கையைப் பிடித்துக் கண் கலங்கினான்.
நானும் தலையைக் குனிந்துகொண்டேன்.
அவன் தந்த ஆயிரம் ரூபாயும்
அன்றிரவே கசிப்பாகிப் போனது.

நடந்தது இது:
பெரும்போக வெட்டு. மூட்டை ஏற்றிய மிசின்.
மட்காட்டில் நான், வயிற்றில் இரண்டு போத்தல்.
பள்ளத்தில் மிசின் துள்ளியதை
மற்றவர்கள் சொல்லித்தான் தெரியும்.
பெட்டியின் சில்லுக்கு என் கால்
ஒரு வரம்பைவிடப் பெரிதாய்ப் பட்டிருக்காது.
ஆஸ்பத்திரியில் கண் விழித்ததும்
நான் காலைத் தேடவில்லை.
தலையணைக்குக் கீழே போத்தலைத் தேடினேன்.
புவனாதேவி பார்த்துக்கொண்டிருந்தாள்.
இன்றுவரை அவள் அதைக் கேட்டதில்லை.

காலே போயும் விடாதவன்
ஒரு சாதாரணச் செவ்வாய்க்கிழமை விட்டேன்.
நூற்றிப் பதினைந்து நாள்.
மின்சாரப் பில்லின் பின்பக்கம் கோடு கோடாக.
இரவில் இல்லாத பாதம் கடிக்கும்,
சொறியப் போன கை பாயைச் சொறியும்.
போத்தலும் அங்கிருந்துதான் கூப்பிடும்,
வெட்டி எடுத்த இடத்திலிருந்து.

‘ஐயா, ஏழு வெறுமையா இருக்கு.’
உத்தியோகத்தர் பிள்ளைக்கு இருபத்தாறு வயதிருக்கும்.
‘குடிச்சிட்டு விழுந்தது மகள். மிசினால.’
‘விபத்து எண்டு போடவா?’
‘விபத்துத்தான். ஆனா குடிச்சிருந்தன்.’
வரிசையில் ஒரு செருமல்.
கையில்லாதவர் கூரையைப் பார்த்தார்.
அவள் கொஞ்சம் யோசித்து எழுதினாள்.
மேசைக்கு இந்தப் பக்கம் எழுத்து தலைகீழாய்க் கிடந்தது.
நான் வாசிக்க முயலவில்லை.
‘டொக்டரிட்ட சீல் எடுத்துட்டு வாங்க.
லிஸ்ட் நீளம் ஐயா,
காசு எப்ப வருமெண்டு சொல்லேலா.’

இன்றைய கோட்டை இரவில்தான் போடுவேன்.
பேனையை அந்த மேசையிலேயே விட்டு வந்தது
வலையிறவுப் பாலத்தில்தான் ஞாபகம் வந்தது.
சட்டைப் பையில் மிச்சத்தை எண்ணினேன்.
திரும்பி வர பஸ்ஸுக்கும்
ஒரு பேனைக்கும் சரி.