அரைப் பேர்

ஆலயத்தின் பின்னறையில் ஏழு பேர்.
மேசையில் இஞ்சித் தேநீர், ஆறிப்போன ரோல்ஸ்,
திறந்து வைத்த கூட்டக் குறிப்பேடு.
நான் செயலாளர். பேனா என் கையில்.

மூன்றாம் விடயம்: கைம்பெண்கள் பட்டியல்.
பன்னிரண்டு பேர். ஆளுக்கு ஐந்து கிலோ அரிசி,
ஒரு கிலோ பருப்பு, நெத்தலிக் கருவாடு கால் கிலோ.
மாதத்தின் முதல் ஞாயிறு, ஆராதனை முடிந்ததும்
பேர் வாசித்துக் கொடுப்பது.

மேல் டிவிசன் இஸ்ரவேலைக்
குளவி கொட்டி ஐந்து மாதம்.
ஆறாம் நம்பர் மலையிலிருந்து
கவ்வாத்துக் கத்தியோடு ஓடியவர்
ஓடைக் கல்லில் கிடந்தார்.
அதன்பின் அவர் மனைவிக்குக் கை ஓடவில்லை.
பதினெட்டுக் கிலோ தேறாத நாளெல்லாம்
தோட்டம் அவளுக்கு அரைப் பேர்தான் போட்டது,
பாதிச் சம்பளம்.
ஞானப்பூவைச் சேர்க்கலாமா என்றேன்.

"வயசு?"
"நாற்பத்தேழு."
"அறுபது ஆகணும்" என்றார் பொருளாளர் ஜெபநேசன்,
தோட்டத்துப் பெரிய கிளாக்கர்.
"நான் போட்ட சட்டமா? அப்போஸ்தலர் போட்டது."

போதகர் கண்ணாடியைத் துடைத்தார்.
அதே இடத்தில் இன்னொன்றும் உண்டு:
வந்தவர் கால்களைக் கழுவினாளா என்று.
ஐப்பசி மழையில் வீடு சந்திக்க ஏறிப்போன அன்று
போதகரின் கணுக்காலில் ஒன்பது அட்டை.
லயத்து வாசலில் குந்தி
உப்புத்தூளும் சவர்க்காரத் துண்டுமாய்
ஒவ்வொன்றாய் உதிர்த்து
இரத்தம் நிற்கும்வரை தண்ணீர் ஊற்றியவள் யார்,
அவரே சொல்லட்டும் என்று பார்த்தேன்.
கண்ணாடி இன்னும் துடைபட்டுக்கொண்டிருந்தது.

மூன்றாவது ஒன்றும் உண்டு.
அதை நினைக்காமல் இருக்கத்தான்
அட்டைகளை எண்ணிக்கொண்டிருந்தேன்.
சொந்த வீட்டுக் கைம்பெண்ணைப் பிள்ளைகள் பார்க்கட்டும்,
சபையின் முதுகில் ஏற்ற வேண்டாம்.

பட்டியலில் நான்காம் பேர்
ரெபேக்காள் மாசிலாமணி.
வயது எழுபத்தொன்று. தகுதி எல்லாம் சரி.
மகன் ஹட்டன் தபாற்கந்தோரில்
மாதச் சம்பளக்காரன்.
அவன் கையில்தான் பேனா.

வெட்டினேன்.
கோடு இழுக்க ஒரு விநாடி.
எத்தனை வருசமாய் அந்தக் கோட்டைச்
சட்டைப்பையில் வைத்திருந்தேன்.
"இப்போது ஓர் இடம் இருக்கிறது" என்றேன்.

நெடுநேரம் பேசினார்கள்.
கடைசியில் கிளாக்கர் ஒரு வழி கண்டார்:
வயசு போதாததால் பாதி.
இரண்டரைக் கிலோ.
எல்லாரும் தலையாட்டினார்கள், தேநீர் குடித்தார்கள்.
நானும் எழுதினேன்.

அம்மாவுக்கு என் காசில் வாங்கிப் போனேன்,
சபை கொடுக்காத கீரிச்சம்பா.
அவள் பையைத் திறக்கவில்லை.
"அரிசி யாருக்குடா வேணும்.
செக்ரோல்ல நான் வெறும் நம்பர்.
கோயில்லதான் மாசத்துல ஒருக்கா
என் பேரை முழுசா வாசிப்பாங்க."
அதற்கு எந்த நிருபத்திலும்
எனக்குப் பதில் கிடைக்கவில்லை.

முதல் ஞாயிறு. ஜன்னலுக்கு வெளியே
மலை இல்லை, பனிமூட்டம்.
நான்காவதாய் வாசித்தேன்: ஞானப்பூ இஸ்ரவேல்.
யாரும் எழும்பவில்லை.
மறுபடி வாசித்தேன்.
"கைக்காசுக்குப் போயிருக்கா" என்றது பின்வரிசை.
ஞாயிற்றுக் கொழுந்துக்குக்
கிலோவுக்கு இவ்வளவென்று கையோடு காசு.

பீடத்துப் படியில் பை தனியாய் இருந்தது.
அம்மா எழுந்தாள்.
வெறுங்காலோடு நடந்து வந்தாள்,
என்னைப் பார்க்கவில்லை.
"எங்க லயத்துக்கு மேலதான். நான் குடுத்துடுறேன்."

பையைத் தூக்கினாள்.
நின்றாள்.
முப்பத்தெட்டு வருசம்
தராசு சொல்லுமுன்
தன் கூடையின் எடை சொன்ன கை.
ஒருமுறை மேலும் கீழும் அசைத்துப் பார்த்தது.

பிறகு போதகர் பக்கம் திரும்பி
வாசல்வரை கேட்கும்படி கேட்டாள்:

"ஏன் ஐயா,
இவளுக்கு அரைப் பேரா போட்டிருக்கீங்க?"