நாற்பத்தெட்டில் ஒரு பங்கு

எல்லாம் சுருங்கும். தண்ணீர் மட்டும் சுருங்காது.
மேல்தளத்தில் ஒரு சொட்டு விழுந்தால்
கால்பந்து போல உருண்டு நிற்கும்,
எந்தக் கடலிலும் இல்லாத துளி.
அதனால் என் கப்பல்களுக்குக் கடல் கிடையாது.
ஒரு பலகை, இரண்டு பித்தளைத் தூண், அவ்வளவே.

வண்ணமும் அப்படித்தான்.
அசல் கறுப்பை அப்படியே பூசினால் பொம்மையாகிவிடும்.
தள்ளி நின்று பார்ப்பவருக்கும் கப்பலுக்கும் நடுவே இருக்கிற காற்றைச்
சாம்பலாக டப்பாவிலேயே கலக்க வேண்டும்.
கயிற்றுக்குத் தையல் நூல். தேன்மெழுகில் மூன்று முறை இழுத்துச்
சுடரின் ஓரமாய்க் காட்டினால் பிசிறு கருகும்.
ஒன்று தப்பினாலும் இந்த அளவில் அது முள்கம்பி.

கொன்கார்னோ அருங்காட்சியகம் கேட்டது
நீர்க்காகம் என்று பெயர் வைத்த இழுவலைக் கப்பலை.
முப்பத்தெட்டு மீட்டர்.
என் மேசையில் எழுபத்தொன்பது சென்டிமீட்டர்.
ஒரு ஜனவரியில் பதினொரு பேரோடு போனது,
இன்னும் கீழேதான் இருக்கிறது,
யாரும் இறங்கிப் பார்க்கவில்லை.
விசாரணை மட்டும் பார்த்தது போல எழுதியது:
மீன்கிடங்கு மூடி சரியாக இறுக்கப்படவில்லை.
பொறுப்பு, தளத்தலைவர் யூயென் கெர்மாரெக்.

"கடைசிப் பயணத்தில் இருந்தபடி" என்றது கடிதம்.
மூடி? என்று கேட்டு எழுதினேன்.
ஒன்பது நாள் கழித்துப் பதில்:
தங்கள் விருப்பப்படி.

என் விருப்பம்!
வரைபடத்தில் அது வெறும் செவ்வகம்.
வரைபடங்கள் துறைமுகத்தில்தான் மிதக்கும்,
அங்கே எதைத் திறந்து வைத்தாலும் குற்றமில்லை.
நாந்த் நகரத்துச் சேகரிப்பாளர் தெபூவா
தனக்கும் ஒன்று வேண்டுமென்றார்,
துரு இல்லாமல், மூடி மூடியபடி.
திறந்திருந்தால் தூசி போகுமாம்.
கெர்மாரெக் வீட்டிலிருந்து யாராவது வருவார்கள் என்று
பிப்ரவரி முழுக்கக் கதவுப் பக்கம் ஒரு காதை வைத்திருந்தேன்.
வரவில்லை. ஏன் வர வேண்டும்?

மார்ச்சில் மூடியைச் செய்தேன்.
இருபத்தைந்து மில்லிமீட்டர் தகடு,
எட்டுத் திருகுப் பிடிகள், ஒவ்வொன்றும் அரிசி நொய் அளவு.
ஆறு சுழன்று உட்கார்ந்தன.
ஏழாவது சுழலவில்லை.
எட்டாவதும்.
வின்ச்சின் அடித்தளம் குறுக்கே நிற்கிறது.

பிரித்தேன். அளந்தேன். மறுபடி செய்தேன்.
பார்வையைச் சந்தேகித்துக் கண்ணாடியை மாற்றினேன்.
கப்பல்கட்டும் தளத்திலிருந்து இன்னொரு பிரதி வரவழைத்தேன்,
அதிலும் வின்ச் அதே இடத்தில்.
முட்டுவது அரை மில்லிமீட்டர்.
அரை மில்லிமீட்டர் என் கை நடுக்கமாகவும் இருக்கலாம்.
நாற்பத்தெட்டால் பெருக்கினால் இருபத்துநாலு,
ஒரு கட்டைவிரல் அகலம்.
அந்த அகலத்துக்கு எவ்வளவு கடல் தேவைப்படும்
என்று எந்த அளவுகோலிலும் குறி இல்லை.

மூடியை மூடினேன்.
ஆறு பிடிகளை இறுக்கினேன்.
மற்ற இரண்டையும் போன மட்டும் திருப்பி
அங்கேயே விட்டு, ஒரு துளி பசை வைத்தேன்.

திறப்பு விழாவுக்கு முந்தின நாள்
கண்ணாடிப் பெட்டியைத் துடைக்க வந்த பராமரிப்பாளர் மாயெல்
குனிந்து பார்த்துவிட்டுச் சொன்னார்:
"இந்த இரண்டு மட்டும் கோணலாக இருக்கிறதே,
நேராக்கிவிடட்டுமா?"

முடிந்தால் செய்யுங்கள் என்றேன்.
இடுக்கியை எடுத்தார்.