அடுத்த சுற்றில் பார்க்க

ஆடியில் மோல்மீனுக்கு வானம் கிடையாது.
மழை இருக்கிறது, அதன் மேல் இன்னொரு மழை.
இந்த மாதத்து ஒளிப்படங்கள் அத்தனையும்
ஆறிப்போன பால்கஞ்சி.
தெற்கே தவே வரைக்கும், அதற்குக் கீழே மெர்குயி வரைக்கும்
ஓர் இலை தெரியவில்லை.

ஆகவே இந்தப் பருவத்தில்
பார்ப்பதை விட்டுவிட்டுக் கேட்கிறேன்.

ரேடார் மேலிருந்து ஒரு குரல் கொடுக்கும்.
மேகம் தடுக்காது.
காடு கரடுமுரடு, கிளைகிளையாய்ப் பதில் சொல்லும்;
திரையில் அது வெளுப்பு.
வழித்தெடுத்த நிலத்தில் குரல் வழுக்கிப் போய்விடும்;
அது கறுப்பு.
இவ்வளவுதான் என்றார்கள் பயிற்சியில்.

சொல்லாமல் விட்டது நிறைய.
வெட்டிச் சாய்த்த மரம் சில நாள்
நிற்கிற மரம் போலவே பதில் சொல்லும்.
மலையின் மறுசரிவு வாயே திறக்காது.
நனைந்த மண் பொய் சொல்லும்.
வானம் தெளிந்த மாசியில்கூட
ரப்பர் இலையுதிர்த்ததைப் பார்த்து
ஒரு தோட்டம் முழுவதையும் அழிந்ததாக எழுதிவிட்டேன்.
தோட்டக்காரர் போனில் கூப்பிட்டார்:
"துளிர்த்துவிட்டதம்மா, வந்து பாருங்கள்."
நோ ஏ போ ஒரு வாரம் சிரித்தாள்.

அவளும் நானும் ஒரே மேசை.
மேலிருந்து பார்த்தே
பாக்குத் தோப்பு எது, காடு எது என்று
பிரித்துச் சொல்லத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான்.
சித்திரையில் ஊருக்குப் போனாள்.
ஊர் எரிந்த செய்தி வந்தது.
பிறகு ஒரு குரல் பதிவு, ஒன்பது விநாடி:
"மழைக்கு முன்னால் மேலே ஏறிவிடுவோம்.
அரிசி இருக்கிறது.
உன் குடை என்னிடம் வந்துவிட்டது, பார்."

நேற்று ராத்திரி இரண்டு மணிக்குக் கரண்ட் வந்தது.
அது போவதற்குள்
பன்னிரண்டு நாளுக்கு முந்தைய படத்தின் மேல்
புதியதை வைத்தேன்.

எண்ணெய்ப் பனைக்காரன் வெட்டினால் நேர்கோடு,
சாலையை ஒட்டியிருக்கும்.
தங்கம் தோண்டுகிறவன் ஆற்றோடு போவான்.
இது ஆற்றுக்கு எட்டாத, பாதையில்லாத இடம்.
பதினொரு கட்டங்கள், ஒவ்வொன்றும் பத்து மீட்டர்,
பக்கத்தில் பக்கத்தில், ஆனால் ஒட்டாமல்,
பெரிய மரங்களை விட்டுவிட்டு.
மேலிருந்து பார்க்கும் கண்ணை அறிந்த யாரோ
யோசித்து யோசித்து வெட்டிய வெட்டு.

படிவத்தில் 'காரணம்' என்றொரு பெட்டி.
தோட்டம், சுரங்கம், சாலை,
மரக்கடத்தல், நிலச்சரிவு, மற்றவை.
வீடு என்று இல்லை.

பொத்தானை அழுத்தினால் எச்சரிக்கை போகும்.
பட்டியலில் காட்டுக்காக அழுகிறவர்கள் இருக்கிறார்கள்.
மற்றவர்கள் யாரென்று எனக்கு முழுக்கத் தெரியாது.
வரைபடம் யார் கேட்டாலும் வழி சொல்லும்,
கேட்டவர் முகத்தைப் பார்க்காது.

மரம் போனதும் உண்மை.
பதினொரு கட்டத்துக்கு எத்தனை மரம் என்று
கணக்குத் தெரிந்தவள் நான்.
இந்த மலையில் ஒரு கட்டம் குறைந்தாலும்
சோறு இறங்காதவள்தான்.

கரண்ட் ஒருமுறை கண்சிமிட்டியது.

'உறுதியாகவில்லை. மண் ஈரமாக இருக்கலாம்.
அடுத்த சுற்றில் பார்க்க.'

நனைந்த மண் பொய் சொல்லும் என்றேனே,
அதன் பெயரில் நான் சொன்னேன்.

பன்னிரண்டு நாள் கிடைத்திருக்கிறது.
அதற்கப்புறம் இன்னொரு பன்னிரண்டுக்கு
என்ன எழுதுவது என்று தெரியவில்லை.
கார்த்திகையில் மேகம் விலகும்,
மற்றக் கண் திறந்துகொள்ளும்,
நீலத் தார்ப்பாய் நீலமாகவே தெரியும்.
எண்ணிப் பார்த்தால் பத்துச் சுற்று.

விடிந்ததும் டீக்கடைக்கு நனைந்துகொண்டே போனேன்.
கடைக்காரர் கேட்டார், இந்த மழையில் குடை இல்லையா என்று.
இருக்கிறது என்றேன்.