பதினோரு விரல்

அளவுகோல் நான்கு மீட்டரோடு முடிந்துபோனது.
அதன் தலையில் துடைப்பக் கம்பைக் கட்டி
கரியால் கோடு கிழித்தேன்.
ஸ்வானெத்தி மலையில் இந்த வாரம்
வாசல் என்றால் மாடி ஜன்னல்.

வானொலியில் மெஸ்தியாவிலிருந்து கேட்கிறார்கள்: எவ்வளவு?
எண்ணைச் சொல்லி முடிப்பதற்குள்
ஜன்னல் வழியே இறங்குகிறாள் சியாலா,
அறுபத்திரண்டு வயது, புருவமெல்லாம் பனி.

அந்தப் பெரும்பனி இரவில் பிறந்தவள்.
ஊருக்கு அவள் பெரும்பனிக்காரி.
அவளைச் சுமந்த வயிற்றோடு தாயை
ஏணியில் கிடத்தி எட்டுப் பேர் தூக்கிய கதையைக்
கல்யாணம் தவறாமல் அவளேதான் சொல்வாள்.

"முந்திவிட்டதா?"
"பதினோரு விரல்."
"காற்று குவித்த இடத்தில் குத்தியிருப்பாய், ஜோக்கியா.
மறுபடி அள."

அளந்தேன். விளக்கை அவள்தான் பிடித்தாள்.
அதற்குள் பன்னிரண்டு.

காலுக்கடியில், எங்கோ ஆழத்தில்,
கொட்டிலில் ஒரு மாடு கத்திற்று.
வெகுநேரம் கழித்துக் கேட்டாள்:

"நேற்றிரவு யாருக்காவது பிள்ளை பிறந்ததா?"

இல்லை என்றேன்.
இந்த வருடம் ஊரில் கர்ப்பிணியே கிடையாது.

"அப்படியானால் சரி"
என்று முட்டியைத் தேய்த்துக்கொண்டு
ஜன்னலேறினாள்.